ஸ்கிரீன்சேவரில் வந்தவர்

யாருடைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் நான் முதலில் செய்கிற காரியம் ஸ்கிரீன்சேவரை அணைப்பதுதான். இப்போது வேலை பார்க்கும் பசுமலை ஆபீஸில் இதற்காக என்னைக் கிண்டல் செய்யாத ஆள் இல்லை. "அது உங்களுக்கு என்னக்கா பாவம் பண்ணுச்சு?" என்பார்கள். வால்பேப்பரை நான் தொடுவதில்லை. சாமி படமோ, பிள்ளையின் படமோ, யாரும் போயிராத வெளிநாட்டு மலையோ, எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். அது வைத்தது வைத்தபடி இருக்கும். நாலு ஃபைலைத் திறந்தால் பின்னால் போய்விடும், மூடினால் மறுபடி தெரியும். நாமாகப் போய் மாற்றினால்தான் மாறும். ஸ்கிரீன்சேவர் அப்படியில்லை. நாம் எப்போது கையை எடுப்போம் என்று காத்துக்கொண்டே இருக்கிறது. எடுத்தால் தானாக வந்து நிற்கிறது, எதைக் காட்டுவது என்று நம்மைக் கேட்பதும் இல்லை.

இப்போதெல்லாம் அதை வைப்பவர்களே குறைந்துவிட்டார்கள். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் மானிட்டரே அணைந்துவிடுகிறது. வைத்திருப்பவர்களிலும் பாதிப் பேர் இரண்டையும் ஒன்றாகத்தான் நினைக்கிறார்கள். எல்லாமே அவர்களுக்குப் படம்தான். எனக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் திருமங்கலத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில், ஒரு வைகாசி மாதத்துப் பகலில்தான் தெரியவந்தது.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. எழுமலையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோவேன். கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. முன்னால் கவுண்டரும் கம்ப்யூட்டரும், பின்னால் தடுப்புக்கு அப்பால் பிரிண்டிங் மெஷின். கவுண்டரில் இரண்டு மானிட்டர்கள். ஒன்று என் பக்கம். இன்னொன்று வாடிக்கையாளர் பக்கம் திரும்பியிருக்கும். என் திரையில் தெரிவதெல்லாம் அதிலும் தெரியும். டிசைன் போடப் போட அவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று முதலாளி அதைப் பெரிய வசதியாகச் சொல்வார். எனக்கு யாரோ தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிற மாதிரிதான் எப்போதும் இருக்கும்.

நான் இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி. ஃப்ளெக்ஸ் கடையில் வேலை பார்க்கிறவளுக்குப் பயப்படக் காரணமும் நிறைய உண்டு. எங்கள் பக்கம் ஒரு கல்யாண ஃப்ளெக்ஸில் ஒரு சித்தப்பாவின் பெயர் விட்டுப்போனால் அவர் பந்தியில் உட்காராமல் எழுந்து போய்விடுவார். யார் படம் பெரிது, யார் படம் சிறிது என்பதில் மண்டபத்து வாசலில் கைகலப்பே நடந்திருக்கிறது. அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் பெயர்களை நாலு தடவை படிப்பேன். படித்த பிறகும் பஸ்ஸில் போகும்போது சந்தேகம் வந்துவிடும்.

கம்ப்யூட்டரில் முதலாளி வைத்திருந்த வால்பேப்பர், மெஷின் வாங்கி வந்த அன்று எடுத்த படம். மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சம்பங்கி மாலை போட்டு, பக்கத்தில் அவர் கைகட்டி நிற்பார். அந்தப் படத்தில் அவருக்குப் பெருமை. ஆனால் பங்குனி மாதம் அவருக்குப் புதுசாக ஒரு யோசனை வந்தது.

"பாப்பா, வால்பேப்பர்ல நம்ம போட்ட வேலையெல்லாம் ஒண்ணு மாத்தி ஒண்ணு வர்ற மாதிரி வை. வாரவுக சும்மாதான உக்காந்திருக்காக. பாத்தாகன்னா அவுகளுக்கும் ஒரு ஐடியா வரும்."

"அண்ணே, அது வால்பேப்பர் இல்ல. ஸ்கிரீன்சேவர். நம்ம கை வைக்காம இருந்தாத்தான் வரும்."

"எந்தச் சேவரோ. படம் வரணும், அம்புட்டுத்தான்."

"எம்புட்டு நேரத்துல வரணும்ணே?"

"சட்டுனு வரணும். ஒரு நிமிசம் வை."

வைத்தேன். எந்த ஃபோல்டரிலிருந்து படம் எடுப்பது என்று கம்ப்யூட்டர் கேட்டது. எங்கள் கடையில் ஃபோல்டர்கள் மாதவாரியாகத்தான் இருக்கும். அந்தந்த மாதத்துக் கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடைவிழா, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அதது வந்த வரிசையில் ஒரே ஃபோல்டருக்குள் கிடக்கும். பிரித்து வைக்க யாருக்கும் நேரமில்லை. நான் அந்த வருஷத்து ஃபோல்டரையே மொத்தமாகக் காட்டிவிட்டேன். அன்று சாயங்காலமே ஒரு கல்யாண ஜோடிக்கு அடுத்து ஒரு செத்துப்போனவர் வந்தார். நான் பதறிப்போய் முதலாளியைப் பார்த்தேன். அவர் அசரவில்லை. "இருக்கட்டும். அதுவும் நம்ம வேலதான" என்றார். வந்தவர்களும் அதில் தப்பாக எதையும் பார்க்கவில்லை. சொல்லப்போனால் கல்யாண ஃப்ளெக்ஸைவிட அஞ்சலி போஸ்டரைத்தான் ஆர்வமாகப் படித்தார்கள். அட, இவரு போயிட்டாரா என்பார்கள், எந்த ஊரு என்று குனிந்து பார்ப்பார்கள். ஒருவர் தன் அம்மாவின் முதலாமாண்டு நினைவு நாளுக்கு அதிலேயே ஒரு டிசைனைத் தேர்ந்தெடுத்தார். நானும் பயத்தை விட்டுவிட்டேன். அந்த ஃபோல்டரில் இருந்த அஞ்சலி போஸ்டர்களில் ஒன்று மட்டும் உயிரோடு இருப்பவருடையது என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

அது மாசி மாதம் நடந்தது. ஒரு மத்தியானம் முப்பத்தைந்து வயதிருக்கும் ஒருவர் கடைக்கு வந்தார். தாடி நாலு நாள் வளர்ந்திருந்தது. கண்ணெல்லாம் சிவந்துபோய் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அப்பா மதுரைல ஐசியூல இருக்காரு தங்கச்சி. ரெண்டு நாள் தாங்காதுன்னு சொல்லிட்டாக" என்றார். "போஸ்டரு மட்டும் போட்டு வச்சிரு. தேதிய விட்டுரு. அந்த நேரத்துல நான் எங்கிட்டு ஓட, யாரப் பாக்க. ஒத்த ஆளு நானு."

இப்படி முன்கூட்டியே போடச் சொல்வது எங்கள் தொழிலில் நடப்பதுதான். வெளியில் யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள், அவ்வளவே. உடலை எடுப்பதற்குள் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஊர் வரைக்கும் சுவரில் ஒட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் பெற்றவருக்கு ஒரு போஸ்டர்கூட ஒட்டவில்லை என்று பேச்சு வரும். செல்லில் ஒரு கல்யாண வீட்டுப் படத்தை எடுத்துக் காட்டினார். வருந்துவோர் பெயர்களை ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அவர் பெயர், மனைவி பெயர், மகன் பெயர், அப்புறம் பங்காளிகள்.

போஸ்டரை இரண்டு மணி நேரம் பார்த்துப் பார்த்துப் போட்டேன். அந்த முகத்தைக் கூட்டத்திலிருந்து வெட்டியெடுத்து, கட்டம் போட்ட சட்டையை வெள்ளைச் சட்டையாக்கி, தலைக்குப் பின்னால் ஒரு வெளிச்சம் வைத்தேன். மூக்கின் ஓரத்தில் ஒரு மரு இருந்தது. எடுப்பதா வைப்பதா என்று யோசித்து வைத்துவிட்டேன். தோற்றம் என்று போட்டு அவருடைய பிறந்த தேதியை எழுதினேன். மறைவு என்று போட்டு எதிரில் இடம் விட்டேன். மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கும்பிடுகிற கை ஒன்று பதிலுக்கு வந்தது. அதன் பிறகு அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. செத்தால்தான் கடைக்குச் சொல்லி விடுவார்கள். பிழைத்துக்கொண்டார் என்று சொல்ல யார் ஃப்ளெக்ஸ் கடைக்கு வரப்போகிறார்கள்?

வந்தார். அவரே வந்தார்.

வைகாசியில் ஒரு நாள், காலை பதினோரு மணி இருக்கும். முதலாளி ஆட்களோடு ஒரு மண்டபத்தில் ஃப்ளெக்ஸ் கட்டப் போயிருந்தார். கடையில் நான் மட்டும்தான். வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டுமாக ஒரு பெரியவர் படியில் கால்வைத்து, மூச்சு வாங்க நின்று, பிறகு உள்ளே வந்தார்.

"பேரனுக்குக் காதுகுத்து தாயி. ஒரு ஃப்ளெக்ஸ் போடணும்" என்றார்.

நான் மூக்கோரத்து மருவைப் பார்த்தேன். செத்தவர் வந்து நிற்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன், சொன்னால் சிரிப்பார்கள். நிழல் விழுகிறதா என்று தரையைக்கூடப் பார்த்தேன். விழுந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அந்த மூச்சு முடிவதற்குள் ஸ்கிரீன்சேவர் ஞாபகம் வந்தது. அவர் வாடிக்கையாளர் பக்கத்து ஸ்டூலில், அந்த இன்னொரு மானிட்டருக்கு நேர் எதிரில், துண்டை மடியில் போட்டுக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்துவிட்டார்.

நான் மவுஸைப் பிடித்தேன். ஆற்று வெள்ளத்தில் கட்டையைப் பிடித்த மாதிரி பிடித்தேன். கை நின்றால் ஒரு நிமிடத்தில் அது வரும். வருவது இவருடைய படமாகத்தான் இருக்கும் என்பதில்லை, அந்த வருஷத்து வேலைகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஆனால் பயந்தவளுக்கு அந்தக் கணக்கெல்லாம் ஏறுமா? அந்த ஃபைலை அழித்துவிடலாம் என்று நினைத்தேன். ஃபோல்டரைத் திறந்தால் எல்லாப் படமும் சின்னச் சின்னதாகத் தெரியும், அதில் அவரும் தெரிவார். ஸ்கிரீன்சேவரையே அணைத்திருக்கலாம். வைத்தவள் நான்தான், எடுக்கவும் தெரியும், நாலு கிளிக் வேலை. அது எனக்குத் தோன்றவே இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

"எம் மகன் மதுரைல போட்டுக்கிருவோம்னான்" என்றார் பெரியவர். "திருமங்கலத்துல வேணாம்ப்பா, வேல சரியில்லங்கிறான். எதுக்கு அம்புட்டுத் தூரம்? அவன் காட்டு வேலைக்குப் போயிருக்கான், நான் பாட்டுக்கு பஸ் ஏறி வந்துட்டேன்."

மகன் ஏன் வேண்டாம் என்று சொன்னார் என்பது எனக்குத் தெரியும். நான் மவுஸை நகர்த்திக்கொண்டே சிரித்துவைத்தேன்.

டிசைன்களைத் திறந்து காட்டினேன். மயில் வைத்தது, யானை வைத்தது, வெறும் பூ வைத்தது. அவர் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். பார்க்கும்போதே பேசினார். "மாசி மாசம் நான் போயிட்டேன்னே முடிவு பண்ணிட்டாக. நெஞ்சுல மூணு எடத்துல அடைப்பு. ஸ்டென்ட்டு வச்சிருக்கு. பொழச்சு வந்தா பேரனுக்குக் காது குத்துறேன்னு எம் மகன் நேந்துக்கிட்டான், அதான் இந்த விசேஷம். டாக்டரு என்ன சொல்லிட்டாருன்னா, கோவப்படக்கூடாது, அதிர்ச்சியா எதுவும் காதுல விழக்கூடாது. டிவில சண்ட வந்தாக்கூட அவன் அமத்திப்புடுறான்."

இந்த ஆள் தன்னுடைய கண்ணீர் அஞ்சலியைப் பார்த்து, இந்த ஸ்டூலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால்? நான் போட்ட வெளிச்சமும் நான் வெளுத்த சட்டையும் ஒரு உயிரை எடுத்துவிடுமே. ஊரில் என்ன சொல்வார்கள் என்பதெல்லாம் அப்புறம். நான் எப்படிச் சோறு தின்பேன், எப்படித் தூங்குவேன் என்றுதான் அப்போது ஓடியது.

பெயர்களைக் கேட்டு அடித்தேன். காது குத்தப்போகிற பையன் பெயர், அப்பா அம்மா பெயர், தாய்மாமன்கள். அடித்த பெயரையே அழித்து மறுபடி அடித்தேன், கை நிற்கக்கூடாதே. பழக்கத்தில் கேட்டேன்: "அத்தை முறைக்கு யாரும் போடணுமா அய்யா?"

"அத விடு" என்றார்.

பதினொன்றரைக்கு அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். "கொஞ்சம் தண்ணி குடு தாயி."

தண்ணீர் கேன் தடுப்புக்குப் பின்னால், மெஷினைத் தாண்டி இருந்தது. நெஞ்சு வலிக்காரர் மாத்திரை போடத் தண்ணீர் கேட்கிறார். இல்லை என்று எப்படிச் சொல்வது? மவுஸை வலதும் இடதுமாக நன்றாக ஆட்டினேன். நிறைய ஆட்டினால் நிறைய நேரம் கிடைக்கும் என்பது போல. பிறகு ஓடினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஓடினேன். கேனில் தண்ணீர் அடியில் கிடந்தது. குழாயைத் திருகினால் நூலாக வந்தது. ஒரு கையால் கேனைச் சாய்த்துக்கொண்டு இன்னொரு கையால் டம்ளரைப் பிடித்தேன். நாற்பது தாண்டியதும் எண்ணிக்கை குழம்பிவிட்டது. அரை டம்ளர் நிறைந்ததும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

தடுப்பைத் தாண்டும்போதே தெரிந்துவிட்டது, அது வந்துவிட்டது. திரையில் ஒரு கோயில் கொடை ஃப்ளெக்ஸ் இருந்தது. பெரியவர் அதை ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உயிர் வந்தது. இன்னும் இரண்டு எட்டு வைத்தால் மவுஸ். ஒரு எட்டு வைத்தேன். கோயில் மங்கியது, அவர் முகம் வந்தது.

அவருடைய முகமும் திரையில் இருந்த முகமும் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. நான் கவுண்டரில் இடித்துக்கொண்டு, தண்ணீரைச் சிந்தி, மவுஸின் மேல் கையை வைத்தேன். படம் போய்விட்டது. ஆட்டிய ஆட்டத்தில் டிசைனும் சுருங்கிக் கீழே போய், மாலை போட்ட மெஷினும் கைகட்டிய முதலாளியும் வந்து நின்றார்கள். நாலைந்து நொடி இருக்கும், அதற்கு மேல் இல்லை.

நான் அவருடைய நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் டம்ளருக்காகக் கையை நீட்டினார். மாத்திரையை வாயில் போட்டு, மிச்சமிருந்த தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்து, துண்டால் வாயைத் துடைத்தார்.

"அந்தப் படத்தக் கொண்டா தாயி" என்றார்.

"எந்தப் படம் அய்யா?"

"எம் படம்."

"அது... தானா வர்றது அய்யா. நம்ம கை வைக்காம இருந்தா வரும். வச்சா போயிரும். நம்ம கூப்புட்டா வராது." நான் சொன்னது பொய்யில்லை. ஸ்கிரீன்சேவரில் போன படத்தை எந்தக் கொம்பனாலும் திரும்ப அழைக்க முடியாது.

"தானா வந்ததுன்னாலும் எங்கயாச்சும் இருந்துதான வந்திருக்கும்" என்றார். "இருக்கிற எடத்துலருந்து எடு."

அதுவரைக்கும் கம்ப்யூட்டர் மேல் பழியைப் போட எனக்கு வழி இருந்தது. இனிமேல் இல்லை. மாசி மாதத்துக்கான ஃபோல்டரை நானே திறந்து, அவர் பார்க்க, அவருடைய முகத்தின் மேல் நானே இரண்டு தடவை அழுத்தினேன். திரை முழுக்கக் கண்ணீர் அஞ்சலி வந்தது. இது தானாகப் போகாது, நான் மூடினால்தான் போகும்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். நான் ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தேன். வேறு யாரோ அதே பெயரில், படம் மாறிப்போச்சு என்று. அவர் யார் கொடுத்தது என்று கேட்கவே இல்லை. கேட்காததுதான் எனக்குப் பயத்தைக் கூட்டியது.

"சட்ட வெள்ளையா இருக்கே. நான் கட்டம் போட்டதுல்ல போட்டிருந்தேன்."

"நான்தான் மாத்துனேன் அய்யா."

தலையை ஆட்டினார். மறைவுக்கு எதிரில் இருந்த வெற்றிடத்தில் அவர் கண் நின்றது. பிறகு கீழே இருந்த பெயர்களுக்கு வந்தார். ஒவ்வொரு பெயராக விரலை வைத்துக்கொண்டு கடைசி வரை போனார், மறுபடி மேலே வந்தார்.

"பெரியவ பேரு இல்லையே" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். மூத்தது மகளாம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு திருப்பூர் பக்கம் போய்விட்டதாம். "அதுலருந்து வீட்டு வாசல மிதிக்கல. மிதிக்க விடல." பெயர்களுக்கு மேலே விரலை வைத்து, "போடு. மொதல்ல போடு. அவதான் மூத்தவ" என்றார்.

"அய்யா, அண்ணே ஏதாச்சும் சொல்லுவாக..." என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. போஸ்டரைக் கொடுத்தது மகன்தான் என்று நானே காட்டிக்கொடுத்துவிட்டேன். என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்தேன். இந்த நிமிடம் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"காதுகுத்து அவன் வீட்டு விசேஷம். அவன் இஷ்டத்துக்கு நடத்தட்டும்" என்றார். "இது என்னோடது."

அவர் சொல்லச் சொல்ல மகளின் பெயரை அடித்தேன். மூன்று தடவை தப்பு வந்தது. மருமகன் பெயர் போடவா என்று கேட்டேன். யோசித்தார். "முழுப் பேரு எனக்குத் தெரியாது தாயி. அவ பேரு போதும்." எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பத்திரமா வச்சிரு. யார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்காத." படியில் இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் சந்தின் முனை வரைக்கும் பின்னாலேயே போய், அவர் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைகிறவரை பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன்.

வந்த உடனே அந்த நாலு கிளிக்கைச் செய்தேன். ஸ்கிரீன்சேவர் வைத்தால் கம்ப்யூட்டர் ஸ்லோ ஆகுதுண்ணே என்று முதலாளியிடம் புளுகினேன். அவர் முணுமுணுத்துவிட்டு விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு எனக்கு வந்தது வேறு பயம். அன்று ராத்திரியே அவர் போயிருப்பாரோ என்று பயந்தேன். அப்புறம் மறுநாள், அப்புறம் அந்த வாரம். பஸ்ஸில் போகும்போது ஒவ்வொரு ஸ்டாப்பிலும் சுவரைப் பார்ப்பேன், அவருடைய முகம் இருக்கிறதா என்று. அந்த போஸ்டர் என் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது, நான் அடிக்காமல் அது சுவருக்கு வர முடியாது. இது தெரிந்தும் பார்ப்பேன். காதுகுத்து நல்லபடியாக நடந்தது என்று ஃப்ளெக்ஸ் கட்டப் போனவர்கள் சொன்னார்கள். பெரியவர் பேரனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

ஐப்பசியில், மழை பிடித்திருந்த ஒரு காலையில், முதலாளிக்கு போன் வந்தது. பேசிவிட்டு என்னிடம் கொடுத்தார். மகன்தான். குரலே இல்லை.

"அந்தப் பழைய ஃபைலு இருக்குல்ல தங்கச்சி. மறைவுல இன்னைக்குத் தேதியப் போட்டு அடிச்சிரு."

"அண்ணே, ஒருக்கா அனுப்புறேன், பாத்துர்றீகளா?"

"அதான் அன்னைக்கே பாத்துட்டேன்ல. அடிச்சிரு."

சொல்லியிருக்கலாம். ஒரு பெயர் கூடியிருக்குண்ணே என்று நாலு வார்த்தை. சொல்லாமலே போனை வைத்துவிட்டேன். தேதியைப் போட்டுவிட்டு அந்தப் பெயருக்குப் போனேன். அழித்துவிட்டால் எனக்கு ஒரு வம்பும் இல்லை. உயிரோடு இருக்கும் மகனுக்குப் பயப்படுவதா, செத்துப்போன அப்பாவுக்குப் பயப்படுவதா என்று உட்கார்ந்திருந்தேன். செத்துப்போனவருக்குத்தான் அதிகம் பயந்தேன். இது என்னோடது என்று அவர் சொன்னது காதிலேயே இருந்தது. அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

இருபது நாள் கழித்து மகன் கடைக்கு வந்தார். மொட்டைத் தலையில் அப்போதுதான் முடி அரும்பியிருந்தது. முதலாளி உள்ளே மெஷினில் இருந்தார், மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்டிருக்காது. அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நான் எழுந்து நின்றுகொண்டேன். அவர் சத்தம் போடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எங்க அக்கா பேரு அதுல எப்படி வந்துச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"யாரோ போஸ்டரப் போட்டோ எடுத்து அதுக்கு அனுப்பிருக்காக. பேரப் பாத்துட்டு ஓடி வந்துருச்சு. எந் தம்பி என்னைய விடல, மொதப் பேரா என் பேரப் போட்டிருக்கான்னு வந்தவுக போனவுககிட்டயெல்லாம் சொல்லி அழுகுது. என் கையப் புடிச்சா விடமாட்டேங்குது. நான் போடலன்னு எப்படிச் சொல்ல?"

"அய்யாதான் போடச் சொன்னாக" என்றேன்.

"அப்பாவா? எப்ப?"

"வைகாசில. காதுகுத்து ஃப்ளெக்ஸுக்கு வந்தப்ப."

அவர் முகம் மாறியது. "அப்ப, அவரு பாத்துட்டாரு" என்றார்.

நான் கடகடவென்று எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்கிரீன்சேவர் என்று ஒன்று உண்டு, வால்பேப்பர் மாதிரி இல்லை, கையை எடுத்தால் தானாக வரும், நான் தண்ணீர் எடுக்கத்தான் போனேன், ஒரு நிமிடம்தான் என்று. அவர் அதையெல்லாம் கேட்டதாகத் தெரியவில்லை.

"நான்தான் குடுத்தேன்னு தெரியுமா?"

இல்லை என்று சொல்லத்தான் என் உடம்பு முழுக்கத் துடித்தது. "தெரியும்ணே. என் வாயில வந்துருச்சு" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு விரலை மடக்கினார். வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசி.

"மாசாமாசம் மதுரைக்குச் செக்கப்புக்கு என் வண்டிலதான் கூட்டிட்டுப் போவேன். பின்னாடி உக்காந்து என் தோளப் புடிச்சுக்கிட்டே வருவாரு" என்றார். "ஒரு வார்த்த கேக்கலையே."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நிமிர்ந்து என்னைக் கேட்டார்.

"நான் அவசரப்பட்டேன்னு நெனச்சிருப்பாரா தங்கச்சி?"

எனக்குத் தெரியவில்லை. தெரியலண்ணே என்றுதான் சொன்னேன்.